இயந்திரங்களும் தொழில் தெரிவும்: மாணவருக்கு வழி கூறுவோர் அறிய வேண்டுவன

பள்ளி இறுதித் தேர்வின் முடிவுகள் வெளியாகும் காலத்தில் ஆசிரியரை நாடி வரும் பெற்றோர் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: பிள்ளையை எந்தப் படிப்பில் சேர்க்கலாம் என்பது. கிராமங்களில் பணிபுரியும் வேளாண்மை ஊழியரிடமும் சுகாதார ஊழியரிடமும் இக்கேள்வி கேட்கப்படுகிறது. அண்மை ஆண்டுகளில் இதனோடு மற்றொரு கேள்வியும் சேர்ந்துள்ளது. இன்னும் இருபது ஆண்டுகள் கழித்து அந்த வேலை மனிதருக்கு இருக்குமா, அல்லது இயந்திரம் அதை எடுத்துக்கொண்டுவிடுமா என்று பெற்றோர் அஞ்சுகின்றனர்.

இவ்வச்சம் அலட்சியம் செய்யத்தக்கதன்று. நகையை அடகு வைத்துக் கல்லூரிக் கட்டணம் செலுத்தும் குடும்பம் அத்தகைய செலவை ஒரு முறைதான் தாங்கும். ஆகையால் விடை கூறுபவரின் பொறுப்பு பெரிது. எத்தொழில் நிலைக்கும், எத்தொழில் அழியும் என்று ஆரூடம் கூறுவது இப்பாடத்தின் நோக்கமன்று. அவ்வாறு கூறியவர்களிற் பலர் பிழைபட்டுள்ளனர். ஒரு தொழிலைப் பகுத்துப் பார்த்துச் சோதிக்கும் முறையை விளக்குவதே இதன் நோக்கமாகும்.

1. கடந்த காலம் கற்பிப்பவை

நம் நாட்டில் முதல் சோதனைத் தந்தித் தடம் 1850-ஆம் ஆண்டில் கல்கத்தாவுக்கும் டயமண்டு துறைமுகத்துக்கும் இடையே அமைக்கப்பட்டது. அதன்பின் ஒரு நூற்றாண்டுக்கு மேல் தந்தி ஊழியம் மதிப்புமிக்க உத்தியோகமாக விளங்கியது. மோர்ஸ் ஒலிக் குறிப்புகளைக் காதால் கேட்டவுடன் எழுத்தாக மாற்றும் ஆற்றல் நீண்ட பயிற்சியால் மட்டுமே கைவருவது. தொலை அச்சுப்பொறி வந்ததும் அவ்வாற்றலுக்குத் தேவை குறைந்தது. 1985-ஆம் ஆண்டளவிலும் ஓராண்டில் ஏறத்தாழ 6 கோடித் தந்திகள் கையாளப்பட்டன. பின்னர் கைத்தொலைபேசி பரவியது. 2013-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில் தந்திச் சேவை முற்றிலும் நிறுத்தப்பட்டது. ஒலிக் குறிப்பை மட்டும் கற்றிருந்தவரின் திறமை அத்தொழிலோடு நின்றது. கம்பித் தடங்களையும் மின்சுற்றுகளையும் அறிந்திருந்தவரின் அறிவோ தொலைபேசித் துறையிலும் பயன்படத்தக்கதாயிருந்தது.

தொலைபேசியின் கதை இன்னும் நுணுக்கமானது. வெளியூருக்குப் பேச விரும்பியவர் டிரங்க் கால் பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த காலத்தில், இணைப்பகத்தில் அமர்ந்து கம்பிச் செருகிகளை மாற்றி மாற்றிச் செருகி இணைப்புத் தரும் ஊழியர்கள் இருந்தனர். 1960-ஆம் ஆண்டில் லக்னோவுக்கும் கான்பூருக்கும் இடையே, சந்தாதாரர் தாமே எண்களைச் சுழற்றி வெளியூருக்குப் பேசும் எஸ்.டி.டி. முறை தொடங்கியது. 1984-இல் நிறுவப்பட்ட சி-டாட் என்னும் மத்திய அரசு ஆராய்ச்சி நிலையம், குளிர்சாதன வசதியின்றிக் கிராமத்து வெப்பத்தையும் தூசியையும் தாங்கி இயங்கும் சிறு மின்னணு இணைப்பகங்களை உருவாக்கியது. இணைப்பு ஊழியரின் வேலை சுருங்கியது. ஆயினும் அதே மாற்றம் புதிய பிழைப்பு ஒன்றைத் தோற்றுவித்தது. 1980-களின் இறுதியிலிருந்து தெருமுனைகளிலும் பேருந்து நிலையங்களிலும் எஸ்.டி.டி. பூத்துகள் பெருகின. உடல் ஊனமுற்றோர் பலர் அவற்றால் தம் காலில் நின்றனர். 1995-இல் நாட்டிற்கு வந்த கைத்தொலைபேசி அடுத்த பதினைந்து ஆண்டுகளில் எளியோர் கைக்கும் எட்டியபோது அந்த பூத்துகளும் மறைந்தன. ஒரு தொழில்நுட்பம் தோற்றுவித்த வேலையை அடுத்த தொழில்நுட்பம் ஒரு தலைமுறைக்குள்ளேயே நீக்கிவிடக்கூடும் என்பது இங்குக் கருதத்தக்கது. புதிதாக வந்த வேலை என்ற ஒரே காரணத்தால் அது நிலையானதாகிவிடாது.

தட்டச்சு வேறொரு பாடத்தைக் கற்பிக்கிறது. 1955-இல் கோத்ரெஜ் கம்பெனி நம் நாட்டிலேயே தட்டச்சுப்பொறி செய்யத் தொடங்கியது. தட்டச்சர் என்னும் பதவி அலுவலகந்தோறும் இருந்தது. இன்று அப்பொறியும் இல்லை. அப்பதவியும் பெரும்பாலும் இல்லை. ஆனால் விசைகளைப் பாராமல் பத்து விரல்களாலும் அடிக்கும் திறமை கணினி விசைப்பலகைக்கு அப்படியே மாறிவந்து, இன்றும் பயன் தருகிறது. பதவி மறைந்தும் திறமை எஞ்சுவதுண்டு.

அலுவலகங்களிற் கணினி புகுந்தபோது பெருங் கலக்கம் ஏற்பட்டது. 1960-களில் ஆயுள் காப்பீட்டுக் கார்ப்பரேஷன் கல்கத்தாவில் கணினி நிறுவ முற்பட்டபோது ஊழியர் சங்கங்கள் கடுமையாக எதிர்த்துப் போராடின. வங்கிகளில் இயந்திரங்களைப் புகுத்துவது பற்றிச் சங்கங்களோடு 1983-இல் ஓர் உடன்பாடு காணப்பட்ட பின்னரே வேலை முன்னேறியது. 1980-களின் நடுவில் புதுடில்லியில் ரெயில்வே இருக்கைப் பதிவு கணினிக்கு மாறியது. ஒவ்வொரு வண்டிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் தனிப் பேரேடு வைத்துப் பெயர் எழுதிய முறை படிப்படியாக ஒழிந்தது. 2002 முதல் பயணி தம் வீட்டிலிருந்தே இணையத்தின் வழியாகச் சீட்டுப் பெறலானார். இதே காலத்தில் கணினிக்கு நிரல் எழுதும் தொழில் இந்நாட்டில் இலட்சக்கணக்கானோருக்கு வாழ்வளித்தது. மொத்தத்தில் வேலைகள் பெருகின என்று கூறுவது எளிது. எனினும், வேலை இழந்தவரும் புது வேலை பெற்றவரும் எப்போதும் ஒரே மனிதராக இருப்பதில்லை. ஐம்பது வயதுக் குமாஸ்தாவுக்கு நேர்ந்த நட்டத்தை வேறோர் ஊரில் இருபது வயது இளைஞர் பெற்ற லாபம் ஈடு செய்யாது. தொழில் ஆலோசனை கூறுவோர் இதனை மறத்தலாகாது.

2. தொழில் வேறு, பணி வேறு

மேற்கூறியவற்றிலிருந்து ஒரு கருத்துப் பெறப்படுகிறது. இயந்திரம் ஒரு தொழில் முழுவதையும் ஒரே நாளில் எடுத்துக்கொள்வது அரிது. அத்தொழிலில் அடங்கிய பணிகளுள் சிலவற்றையே முதலில் அது மேற்கொள்கிறது. ஆசிரியத் தொழிலை எடுத்துக்கொள்வோம். வருகைப் பதிவேடு எழுதுதல், மதிப்பெண் கூட்டுதல், பாடம் விளக்குதல், புரியாத மாணவன் எவ்விடத்தில் தடுமாறுகிறான் என்று கண்டுபிடித்தல், சண்டையைத் தீர்த்தல், பள்ளிக்கு வராத சிறுமியின் வீட்டுக்குச் சென்று பேசுதல் எனப் பல பணிகள் அதில் உள்ளன. முதல் இரண்டும் இயந்திரத்துக்கு மிக எளியவை. கடைசி மூன்றும் அத்தகையன அல்ல.

அமெரிக்கப் பொருளாதார அறிஞர்களான ஆட்டர், லீவி, மர்னேன் ஆகிய மூவரும் 2003-இல் வெளியிட்ட ஆராய்ச்சி இம்முறையைத் தெளிவுபடுத்தியது. விதிகளாக எழுதிவைக்கத்தக்க, மாறாத பணிகளைக் கணினி விரைவில் மேற்கொள்ளும். சூழ்நிலைக்கேற்ப முடிவு செய்ய வேண்டிய பணிகளில் அது மனிதருக்குத் துணையாக நிற்கும் என்பது அவர்கள் கண்ட முடிவு.

பணிகளைப் பிரிக்காமற் கணக்கிட்டால் முடிவு எவ்வளவு மாறும் என்பதற்கு ஓர் உதாரணம் காணலாம். 2013-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஃபிரே, ஆஸ்போர்ன் இருவரும், அமெரிக்காவின் வேலைகளில் நூற்றுக்கு 47 பங்கு தானியங்கி முறையால் பேரபாயத்துக்கு உள்ளாகக்கூடும் என்று மதிப்பிட்டனர். அவர்கள் ஒவ்வொரு தொழிலையும் ஒரு முழுமையாகக் கொண்டனர். 2016-இல் ஓ.இ.சி.டி. என்னும் பன்னாட்டு ஸ்தாபனத்துக்காக வேறு மூவர், ஒரே தொழிலிலுள்ள ஊழியர்கள் உண்மையில் என்னென்ன பணிகளைச் செய்கின்றனர் என்று பிரித்துக் கணக்கிட்டபோது அப்பங்கு நூற்றுக்கு 9 ஆகக் குறைந்தது. செய்தித்தாளில் பெரிய விழுக்காடு ஒன்றைக் கண்டு மாணவரை அச்சுறுத்தும் முன், அது எவ்வாறு கணக்கிடப்பட்டது என்று வினவுதல் நலம்.

3. இயந்திரத்துக்கு எளியதும் அரியதும்

மனிதருக்குக் கடினமானது இயந்திரத்துக்கும் கடினமாயிருக்கும் என்று பலர் நினைக்கின்றனர். உண்மை பல இடங்களில் இதற்கு நேர்மாறானது. 1997-இல் கணினி ஒன்று உலகச் சதுரங்க வீரர் காஸ்பரோவைத் தோற்கடித்தது. ஆனால் முன்பின் அறியாத வீட்டில் நுழைந்து, ஈரமேறிய சுவரில் எந்த மின்கம்பி எங்குச் செல்கிறது என்று கண்டுபிடித்துப் பழுது நீக்கும் இயந்திரம் இன்னும் நடைமுறைக்கு வரவில்லை. பார்த்தல், தொட்டு உணர்தல், இடத்துக்கேற்பக் கையை வளைத்தல் ஆகியன நமக்கு இயல்பாக வருவதால் அவற்றின் அருமையை நாம் உணர்வதில்லை. இம்முரண்பாட்டை 1980-களிலேயே இயந்திர மனிதவியல் அறிஞர் ஹான்ஸ் மொராவெக் எடுத்துக்காட்டினார்.

படித்த நிபுணரின் தொழிலுக்கும் இப்பகுப்பு பொருந்தும். செயற்கை நுண்ணறிவுத் துறையின் முன்னோடியும் 2024-இல் பௌதிக நோபல் பரிசு பெற்றவருமான ஜெஃப்ரி ஹின்டன், எக்ஸ்-கதிர்ப் படங்களை ஆராயும் மருத்துவரைப் பயிற்றுவிப்பதை உடனே நிறுத்திவிடலாம், ஐந்து அல்லது பத்து ஆண்டுகளில் கணினி அவரை விஞ்சிவிடும் என்று 2016-இல் கருத்துரைத்தார். கணினி படம் பார்ப்பதில் பெரிதும் முன்னேறியது மெய்யே. காசநோயைக் கண்டறிய 15 வயதுக்கு மேற்பட்டோரின் மார்புப் படங்களைக் கணினி கொண்டு ஆராயலாம் என உலக சுகாதார ஸ்தாபனம் 2021-இல் பரிந்துரைத்தது. ஆயினும் அம்மருத்துவர்களின் தேவை நீங்கவில்லை. நோயாளியின் முந்தைய வரலாற்றோடு படத்தைப் பொருத்திப் பார்த்தல், சிகிச்சை செய்யும் மருத்துவருடன் கலந்து முடிவெடுத்தல், அம்முடிவுக்குப் பொறுப்பேற்றல் ஆகிய பணிகள் எஞ்சி நிற்கின்றன.

களப் பணியாளரின் தொழிலிலும் இதனைக் காணலாம். நெற்பயிர் மஞ்சளிக்கிறது என்று ஒரு விவசாயி கூறுகிறார். கீழ் இலைகள் முதலில் மஞ்சளித்தால் தழைச்சத்துக் குறைவு என்றும், இளந்தளிர் முதலில் வெளுத்தால் இரும்புச்சத்துக் குறைவு என்றும் ஐயுறலாம். இவ்விதியைக் கைத்தொலைபேசியும் கூறிவிடும். ஆனால் வடிகால் அடைபட்டு நீர் தேங்கியிருப்பதை வரப்பில் நின்று காண்பதும், உரம் வாங்க அவரிடம் பணம் உண்டா என்று அறிவதும், அவர் நம்பி ஏற்கும் வகையில் எடுத்துரைப்பதும் அங்குச் செல்பவருக்கே இயலும். விதியை ஒப்பிப்பதோடு நிற்கும் ஊழியருக்குத்தான் இயந்திரம் போட்டியாளர்.

4. எழுத்துப் பணிகளின் இன்றைய நிலை

2022-ஆம் ஆண்டு நவம்பரில் சாட்ஜிபிடி பொதுமக்கள் பயன்பாட்டுக்கு வந்தபின், கேட்டவுடன் கடிதமும் சுருக்கமும் நிரலும் எழுதித்தரும் மென்பொருள்கள் எங்கும் பரவிவிட்டன. இதுவரை இயந்திரம் தீண்டாது என்று கருதப்பட்ட மேசைப் பணிகள் பலவற்றை அது தொட்டுவிட்டது. ஆதலின் மேற்கூறிய பழைய பகுப்பையும் சற்றே திருத்திக்கொள்ள வேண்டியுள்ளது. விதியாக எழுதிவைக்க இயலாத பணியாயினும், அதன் மாதிரிகள் கோடிக்கணக்கில் எழுத்திற் கிடைக்குமாயின், அவற்றைப் பார்த்து இயந்திரம் கற்றுக்கொள்கிறது.

மொழிபெயர்ப்பு இதற்குத் தக்க சான்று. தீர்ப்புகளை இந்திய மொழிகளில் ஆக்க 2019-இல் உச்ச நீதிமன்றம் சுவாஸ் என்னும் மென்பொருளைத் தொடங்கியது. 2022-இல் மத்திய அரசு பாஷிணி என்னும் திட்டத்தைத் தொடங்கியது. சுற்றறிக்கை போன்ற வழக்கமான உரையின் முதற்படியை இயந்திரம் நொடியில் தந்துவிடுகிறது. முழுத்தாளையும் கையால் எழுதிய மொழிபெயர்ப்பாளருக்கு இப்போது எஞ்சுவது சரிபார்க்கும் வேலையே. அது எளிய வேலை அன்று. மருந்தின் அளவைக் கூறும் வாக்கியத்தில் ஓர் எதிர்மறை விடுபட்டால் விளையும் தீங்கை இயந்திரம் அறியாது. கையெழுத்திடுபவரே விடை கூற வேண்டும். எனினும், சரிபார்க்கும் ஆற்றல் பல்லாண்டுகள் கையால் மொழிபெயர்த்ததன் பயனாகவே வருகிறது. எளிய பணிகளை இயந்திரம் எடுத்துக்கொண்டால் புதிதாக வருபவர் எங்கே பழகுவார்? கணக்கர், வழக்கறிஞர், நிரல் எழுதுவோர் ஆகிய எல்லாத் தொழில்களுக்கும் பொதுவான இடர்ப்பாடு இது. முதிர்ந்தோரைவிட இளையோரையே இது மிகுதியாக வருத்தும்.

5. தொழிலைச் சோதிக்க ஐந்து கேள்விகள்

மாணவர் விரும்பும் தொழில் எதுவாயினும், அதிலுள்ள பணிகளை முதலில் ஒரு தாளில் வரிசையாக எழுதச் செய்க. பின்னர் கீழ்க்காணும் கேள்விகளைக் கேட்க.

(அ) இப்பணிகளுள் எத்தனை நாள்தோறும் மாறாமல் ஒரே விதமாக நடைபெறுபவை?

(ஆ) வேலை நடைபெறும் இடமும் பொருளும் ஒவ்வொரு முறையும் மாறுபடுகின்றனவா?

(இ) தவறு நேர்ந்தால் பெயர் சொல்லிப் பொறுப்பேற்க ஒரு மனிதர் தேவையா?

(ஈ) எதிரில் இருப்பவரின் நம்பிக்கை இவ்வேலைக்கு இன்றியமையாததா?

(உ) இதற்காகக் கற்கும் அறிவை வேறொரு தொழிலுக்கும் எடுத்துச் செல்ல இயலுமா?

இரண்டு தொழில்களை ஒப்பிட்டுக் காட்டலாம். படிவத்தைப் பார்த்துக் கணினியில் விவரம் ஏற்றுபவரின் பணி பெரும்பாலும் மாறாதது, இடம் ஒன்றே, நம்பிக்கைக்கு இடமில்லை, கற்றதும் சிறிது. ஐந்து கேள்விகளிலும் அத்தொழில் தளர்கிறது. மின்பணியாளரோ வீட்டுக்கு வீடு வேறுபட்ட நிலையைச் சந்திக்கிறார். பிழை உயிரைப் பறிக்குமாதலால் உரிமம் பெற்றவரின் பொறுப்பு தேவைப்படுகிறது. மின்னோட்டத்தின் இயல்பை நன்கறிந்தவர் வீட்டுக் கம்பி அமைப்பிலிருந்து நீரேற்றுப் பொறிக்கும், அதிலிருந்து கூரைமேல் சூரிய மின்தகடு அமைப்பதற்கும், மின்சார வாகனத்துக்கும் செல்லலாம். 2024-இல் தொடங்கிய மத்திய அரசின் திட்டமொன்று 1 கோடி வீடுகளின் கூரையில் சூரிய மின்தகடு அமைப்பதை இலக்காகக் கொண்டுள்ளது. அவ்வேலைக்கு ஆட்கள் வேண்டும்.

ஐந்தாம் கேள்வியே தலையாயது. முதல் நான்கு கேள்விகளுக்கு இன்று கிடைக்கும் விடை நாளை மாறக்கூடும். எடுத்துச் செல்லத்தக்க அறிவு மட்டும் மாற்றத்தின் நடுவிலும் கைவிடாது.

6. ஓர் எச்சரிக்கை

இயந்திரம் நுழையாத வேலையெல்லாம் நல்ல வேலை என்று மாணவர் எண்ணிவிடலாகாது. மனித உழைப்பு மலிவாகக் கிடைப்பதனாலேயே இயந்திரம் வராத வேலைகள் உண்டு. சாக்கடைக் குழியிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் மனிதர் இறங்கும் கொடுமை இதற்குச் சான்று. இதனைத் தடுக்க 2013-இல் சட்டம் இயற்றப்பட்டும் உயிரிழப்புகள் நின்றபாடில்லை. அவ்விடத்தில் இயந்திரம் வருவதே நீதி. தாமதமாக வருவதே குறை. வேலை நிலைக்குமா என்பதோடு, அதனைச் செய்பவர் உடல்நலத்தோடும் மதிப்போடும் வாழ இயலுமா, ஊதியம் குடும்பத்துக்குப் போதுமா என்பனவும் கேட்கப்பட வேண்டும். முதியோரைப் பேணும் வேலை இயந்திரத்துக்கு மிக அரியது. ஆயினும் நம் நாட்டில் அதற்கான ஊதியம் பல இடங்களிற் குறைவாகவே உள்ளது.

7. பயிற்சியைத் தேர்தல்

ஒரே நிறுவனத்தின் ஒரே மென்பொருளை அல்லது ஒரே பொறியை மட்டும் கற்பிக்கும் குறுகிய காலப் பயிற்சிகள் பல விளம்பரம் செய்யப்படுகின்றன. பாடத்திட்டத்தைக் கேட்டுப் பெற்று, அதில் அடிப்படை எவ்வளவு, பொத்தானை அழுத்தும் முறை எவ்வளவு என்று ஆசிரியர் பார்த்துக் கூறலாம். வேலை உறுதி என்னும் வாக்குறுதி எழுத்தில் தரப்படுகிறதா என்றும் கேட்கச் சொல்க.

1950-இல் தொடங்கிய கைத்தொழிற் பயிற்சித் திட்டத்தின்கீழ் இயங்கும் ஐ.டி.ஐ. நிலையங்களும், 1961-ஆம் ஆண்டின் தொழிற் பழகுநர் சட்டத்தின்கீழ் உதவித்தொகையோடு தொழிற்சாலையில் பழகும் வாய்ப்பும் கிராமப்புற மாணவர் பலருக்கு எட்டுபவை. இயந்திரம் எளிய பணிகளை எடுத்துக்கொள்ளும் இக்காலத்தில், முதிர்ந்த தொழிலாளியின் அருகிருந்து பழகும் வாய்ப்புக்கு மதிப்பு மிகுந்துள்ளது. எப்பிரிவில் சேர்ந்தாலும் மூன்று அடிப்படைகளைக் கைவிடலாகாது: கணக்கு, தெளிவாக எழுதவும் பேசவும் தாய்மொழிப் பயிற்சி, படித்துப் பொருள் கொள்ளும் அளவுக்கேனும் ஆங்கிலம். புதிய கருவி எது வந்தாலும் அதனைக் கற்பதற்கு இவையே வாயில்.

8. வகுப்பறைப் பயிற்சி

உயர்நிலை வகுப்பு மாணவர் ஒவ்வொருவரும் தம் ஊரில் ஒரு தொழிலாளியையோ அலுவலரையோ சந்தித்து, அவர் ஒரு நாளில் செய்யும் பணிகளைக் காலை முதல் மாலை வரை எழுதிவரட்டும். எந்தப் பணி பத்தாண்டுகளுக்கு முன் வேறு விதமாகச் செய்யப்பட்டது, எது மறைந்தது, எது புதிதாக வந்தது என்றும் கேட்டு வரட்டும். பின்னர் வகுப்பில் ஐந்து கேள்விகளையும் பயன்படுத்தி விவாதிக்கலாம். தையற்காரர், கதிர் அறுக்கும் பொறி ஓட்டுநர், கிராமச் செவிலியர், வங்கி முகவர் ஆகியோர் இதற்கு ஏற்றவர்கள். ஒரே தொழிலைப் பற்றி இரு மாணவர் மாறுபட்ட முடிவுக்கு வந்தால், அவ்விருவரும் எழுதிய பணிப் பட்டியல்களைக் கரும்பலகையில் அருகருகே எழுதி ஒப்பிடுக. கருத்து வேறுபாட்டின் காரணம் பெரும்பாலும் அப்பட்டியல்களிலேயே வெளிப்படும்.

களப் பணியாளர் இதே முறையை இளைஞர் மன்றக் கூட்டங்களிலும் மகளிர் சுய உதவிக் குழுக்களிலும் கையாளலாம். தெளித்தல் வேலைக்கு டிரோன் பொறிகளை 15,000 மகளிர் குழுக்களுக்கு வழங்க 2023-இல் மத்திய அரசு ஒப்புதல் அளித்த திட்டம் பற்றிப் பல குழுக்கள் கேள்வியுற்றிருக்கும். அப்பொறியை ஓட்டக் கற்பது மட்டும் போதுமா, பழுது பார்க்கவும் மருந்தின் அளவைக் கணக்கிடவும் கற்றால் நிலை எவ்வாறு மாறும் என்று அவர்களையே ஆராயச் செய்தால், இப்பாடத்தின் கருத்து தானே விளங்கும்.